வித்தியாசத்தில் பாதி

எங்கள் குடும்பத்தில் ஒரு பிள்ளை பள்ளிப் படிப்பை முடித்தால் போதும், சித்தப்பா எனக்கும் அக்காவுக்கும் ஆள் அனுப்பிவிடுவார். கூடத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பார். "இதோ பாருங்க, ஒரே வயித்துல ஒண்ணா இருந்துட்டு வந்த ரெண்டு பேர். ஒரே மூளை, ஒரே மார்க்கு. இது காலேஜ் போச்சு, அது வேலைக்குப் போச்சு. இப்போ சொல்லுங்க, படிப்பு பெருசா, அனுபவம் பெருசா?" என்று ஆரம்பிப்பார். பரீட்சை எழுதி முடித்த களைப்பில் இருக்கும் பிள்ளை எங்களை மாறிமாறிப் பார்த்துத் திருதிருவென்று விழிக்கும். இதில் கொடுமை என்னவென்றால், காலேஜ் போனது எது, வேலைக்குப் போனது எது என்பதைச் சித்தப்பா பாதி நேரம் மாற்றிச் சொல்லிவிடுவார்.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. நாங்கள் இரட்டையர், அச்சில் வார்த்த மாதிரி ஒரே முகம். எனக்குக் கொஞ்ச நேரம் முன்னால் வந்துவிட்டாள் என்கிற ஒரே தகுதியில் அவள் எனக்கு ஆயுள் முழுக்க அக்கா. அந்தக் கொஞ்ச நேரத்தை வைத்துக்கொண்டு அவள் பண்ணாத அதிகாரம் கிடையாது.

கடைசியில் யாராவது ஒருவர், "அதெல்லாம் இருக்கட்டும், யார் அதிகம் சம்பாதிக்கறீங்க? அதைச் சொல்லுங்க" என்பார். நாங்கள் இருவரும் ஒரே குரலில், "ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்" என்போம். மழுப்புகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அது அப்பட்டமான உண்மை. எப்படி என்று சொல்கிறேன். சொல்லப்போவது என் அக்காவின் கதை. நடுநடுவே நானும் தலையை நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பள்ளியை முடித்தபோது அப்பாவால் ஒருத்திக்குத்தான் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியும் என்ற நிலை. அப்பா பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்தார். அவர் நியாயஸ்தர், அதுதான் சிக்கல். ஒருத்தியை அனுப்பி ஒருத்தியை நிறுத்த அவருக்கு மனசு வரவில்லை. மதிப்பெண்ணைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றால் அதிலும் நாங்கள் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி நின்றோம். ஒரு வாரம் வீட்டில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அக்காதான் பொறுமை இழந்து, "பூவா தலையா போட்டுப் பாத்துடலாம்ப்பா" என்றாள். அப்பா சுண்டிய காசு உருண்டு அலமாரிக்கு அடியில் போய்விட்டது. நாங்கள் இருவரும் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தோம். நான் பூ கேட்டிருந்தேன். பூ விழுந்திருந்தது.

அன்று சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு அக்கா சொன்னாள், "இதுல உன் திறமையும் இல்ல, என் தப்பும் இல்ல. காசு பண்ணின வேலை. அதனால ஒருத்திக்கு நிறைய, ஒருத்திக்குக் கம்மின்னு ஆகக் கூடாது. யார் அதிகம் சம்பாதிக்கறாளோ, அவ வித்தியாசத்துல பாதியை இன்னொருத்திக்குக் குடுத்துடணும்." நானும் சரி என்றேன். ஒருத்திக்குப் பத்தும் இன்னொருத்திக்கு ஆறும் வந்தால், பத்துக்காரி இரண்டைக் கொடுத்துவிட வேண்டும், ஆளுக்கு எட்டு. அவ்வளவுதான் ஒப்பந்தம். அந்த வயசில் எல்லோரும் இப்படி எதையாவது பேசுவார்கள்தான், பேசிவிட்டு மறந்துவிடுவார்கள். நாங்கள் மறக்கவில்லை. எங்களுக்கு நரை விழுந்துவிட்டது, ஒப்பந்தம் ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

அடுத்த வாரமே அக்கா வேலைக்குப் போய்விட்டாள். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் துணியை வெளுத்து, பெட்டி போட்டு, மடித்து அனுப்புகிற பெரிய சலவைத் தொழிற்சாலை அது. நீளமான கட்டிடம். ஒரு கோடியில் அழுக்குத் துணி உள்ளே வரும், மறுகோடியில் வெள்ளைவெளேர் என்று வெளியே போகும். நடுவில் துணியை ரகம் பிரிக்கிற மேசைகள், ஆள் உயரத்துக்குச் சுற்றுகிற சலவை இயந்திரங்கள், அனல் கக்குகிற உலர்த்திகள், இரண்டு பேர் இருபக்கமும் பிடித்துப் போர்வையை நுழைத்தால் அதைக் காகிதம் மாதிரி ஆக்கித் தள்ளுகிற சூடான உருளைகள். அக்காவை முதலில் மடிக்கிற மேசையில் நிறுத்தினார்கள். நாள் முழுக்கத் தலையணை உறை மடித்துவிட்டு வந்து, வீட்டில் கையில் கிடைத்த செய்தித்தாளை எல்லாம் மூன்றாக மடித்து வைப்பாள்.

தன் வேலையோடு நிற்கிற வழக்கம் அவளுக்குக் கிடையவே கிடையாது. மடிக்கிறவளுக்குப் பிரிக்கிற மேசையில் என்ன வேலை என்று கேட்டால், "அங்க தப்பா பிரிச்சா இங்க நான்தானே பேச்சு கேக்கறேன்" என்று அங்கே போய் நிற்பாள். பிரிக்கிற மேசைக்குப் போட்டதும் இயந்திரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். இயந்திரத்துக்குப் போட்டதும் வண்டிக்காரர்களிடம் எந்த ஓட்டல் துணி ஏன் தாமதம் என்று கணக்குக் கேட்டாள். தலையணை உறைக்குள்ளிருந்து யாரோ விட்டுப்போன பல்செட்டு வந்தால், ஓட்டலுக்கு ஃபோன் போட்டு, "உங்க விருந்தாளி ஒருத்தர் இன்னிக்குச் சாப்பிட முடியாம தவிக்கறார், அவசரமா ஆள் அனுப்புங்க" என்பாள். இப்படி மூக்கை நுழைத்து நுழைத்தே அவள் ஷிப்டுக்குப் பொறுப்பாளர் ஆனாள், பிறகு முழுத் தளத்துக்கும் மேற்பார்வையாளர் ஆனாள்.

இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி அவள் குரல் அந்த உச்சத்திலேயே நின்றுவிட்டது. தொழிற்சாலையில் அவள் பெயர் சைரன். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளுக்கும் அதில் பெருமைதான். வீட்டில் அவள் "தண்ணி கொண்டா" என்றால் பக்கத்து வீட்டில் பாத்திரம் உருளும்.

நான் வணிகவியல் படித்தேன். படித்த காலம் முழுக்க அவள் சம்பளத்தில் பாதி எனக்கு வந்தது, ஏனென்றால் என் வருமானம் பூஜ்யம். அவள் கையில் வெந்நீர்க் கொப்புளம், என் கையில் அவள் காசு. பட்டம் வாங்கியதும் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. யாருக்குத் தீ பிடித்தாலும், யார் வண்டி நசுங்கினாலும், அவர்கள் கேட்கிற நஷ்ட ஈடு நியாயம்தானா என்று பார்க்கிற வேலை. முதல் மாதச் சம்பளமே அவளுடையதைவிட அதிகம். அன்றிலிருந்து கொடுக்கிற கை என்னுடையதாகிவிட்டது, பல வருஷங்களுக்கு.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால் மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாள் அதுதான். சம்பளம் வந்ததும் வித்தியாசத்தைப் போட்டுப் பார்ப்பேன். அலுவலகம் விட்டு நேராக அவள் வீட்டுக்குப் போய், அடுக்களையில் அவள் கையில் வைப்பேன். அவள் எண்ணிப் பார்க்காமல் ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, "டீ குடிக்கறியா?" என்பாள். திரும்பி வரும்போது எனக்குக் கால் தரையில் பாவாது.

இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆனபோது இது பெரிய ரகளையாகியிருக்க வேண்டியது. என் வீட்டுக்காரர் கொஞ்சநாள் முணுமுணுத்தார். "உன் சம்பளத்துக்கு ஒரு பார்ட்னர் இருக்கற விஷயத்தைப் பொண்ணு பாக்க வந்தப்போ யாரும் சொல்லலையே" என்றார். அக்கா வீட்டுக்காரர் குழாய் வேலை செய்கிறவர், அதிகம் பேசமாட்டார். அவர்தான் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "ரெண்டு தொட்டிக்கும் நடுவுல குழாய் போட்டிருக்காங்க. தண்ணி ஒரே மட்டத்துலதான் நிக்கும். நாம அடைச்சா எங்கயாவது ஒழுகும், விட்டுடுங்க" என்றாராம். அதன் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சலவைத் தொழிற்சாலையின் பழைய முதலாளி ஓய்வெடுத்துக்கொண்டு மகள் பொறுப்புக்கு வந்தார். அவர் ஊருக்கு வெளியே இரண்டாவது தொழிற்சாலை ஒன்று கட்டினார். அதை நடத்த மேலாளர் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தார். பட்டதாரிகள் மட்டும் என்று போட்டிருந்ததால் அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வந்தவர்கள் யாரும் சரிப்படவில்லையோ என்னவோ, ஒருநாள் அவரே அக்காவைக் கூப்பிட்டு, நீங்களே மேலாளராக இருங்கள் என்று சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"மேனேஜர்டி. எனக்குன்னு தனி ரூம். கண்ணாடிச் சுவர்."

"சம்பளம்?"

"அந்த வேலைக்குன்னு வச்சிருக்கறதுல முக்கால் பங்கு. டிகிரி இல்லையில்ல, அதனால கால் பங்கு கம்மி. இருந்தாலும் இப்போ வாங்கறதைவிட எவ்வளவோ மேல."

"வேலையும் முக்கால்தானா?"

"அது எப்படி? வேலை முழுசுதான்."

"அப்போ சம்பளம் மட்டும் ஏன் முக்கால்?"

"அதான் சொன்னேனே, டிகிரி."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. தலையணை உறை மடித்த காலத்திலிருந்து அந்தக் கட்டிடத்துக்குள் அவள் பார்க்காத வேலை கிடையாது. அத்தனைக்கும் சேர்த்துக் கால் பங்கு அபராதமா? அதோடு இன்னொன்றும் உறைத்தது. "அக்கா, முக்கால்னாலும் அது என் சம்பளத்தைத் தாண்டிடும். இனிமே நீ குடுக்கற பக்கம், நான் வாங்கற பக்கம். அந்தக் கால் பங்குல பாதி என்னோடது. அதை விட்டுக்குடுக்க நீ யாரு?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "வாயை மூடிக்கிட்டு இரு. எனக்கு சந்தோஷமா இருக்கு, கெடுக்காதே."

நான் வாயை மூடுகிற ரகம் இல்லை. அவளுக்குத் தெரியாமல், வார நடுவில் ஒருநாள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தொழிற்சாலைக்குக் கிளம்பினேன். அன்று அவள் புதிய இடத்தில் இயந்திரம் இறக்குவதைப் பார்க்கப் போயிருந்தாள், அதனால் மாட்டிக்கொள்ளமாட்டேன் என்று கணக்குப் போட்டேன்.

வாசல் காவலாளி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உள்ளே போனால் ஆளாளுக்கு வழிவிட்டார்கள். அலுவலக உடையில் இருந்தேனே, அக்காவுக்கு மேலாளர் ஆகப்போகிற தோரணை என்று எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. நான் பாட்டுக்கு முதலாளியம்மாவிடம் பேசவேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தேன். இயந்திரங்களின் பக்கத்தில், புதிதாகச் சேர்ந்தவள்போல ஒருத்தி தள்ளுவண்டியோடு என் வழியை மறித்தாள்.

"சைரன் அக்கா, ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த புதுப் பச்சைத் துணி இது. மெஷின்ல கொஞ்சம் இடம் இருக்கு, வெள்ளையோட சேத்துப் போட்டுடவா?"

"ம், போடு" என்று சொல்லிவிட்டு நான் மாடியேறினேன்.

முதலாளியம்மா கணினியிலிருந்து நிமிர்ந்து, "என்ன, சைட்டுக்குப் போகலையா?" என்றார். நான் தங்கை என்று சொன்னதும் எழுந்து வந்து என்னைச் சுற்றிப் பார்க்காத குறை. டீ வரவழைத்தார். நல்ல மாதிரிதான். நான் நியாயம், உழைப்பு, விசுவாசம் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அந்தக் கால் பங்கில் பாதி எனக்குச் சேரவேண்டியது என்பதையும், எங்கள் ஒப்பந்தத்தையும் விளக்கினேன். அவர் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டார்.

"நீங்க கோவப்படாம கேளுங்க" என்றார். "டிகிரி இருக்கறவர் உங்க அக்காவைவிட நல்லா வேலை செய்வார்னு நான் நினைக்கல. அவர் விட்டுட்டுப் போயிடுவார்னு நினைக்கறேன். அவருக்கு முழுச் சம்பளம் வச்சது அதுக்குத்தான். உங்க அக்கா எங்கயும் போகமாட்டாங்க. வேற எங்க போனாலும் முதல்ல என்ன படிச்சிருக்கீங்கன்னுதானே கேப்பாங்க."

"அப்போ கூடவே இருந்ததுக்கு அபராதமா?"

கொஞ்சம் யோசித்தார். "அப்படியும் சொல்லலாம். புது இடம் கட்டியிருக்கேன். செலவை எங்க பிடிக்க முடியுமோ அங்கதான் பிடிக்க முடியும்." பிறகு, "நீங்க எத்தனை கம்பெனி மாறியிருக்கீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் மாறலை. சேர்ந்த இடத்துலதான் இருக்கேன்."

"அப்போ உங்க டிகிரியை நீங்களும் வேற இடம் போறதுக்குப் பயன்படுத்திக்கலை" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதனால்தான் அதிகமாகக் குத்தியது.

பேருந்தில் வரும்போது எனக்கு அழுகையாக வந்தது. அவர் சொன்னதில் பொய் என்று எதையும் பிடித்துக் காட்ட முடியவில்லை. என்னைப் படிப்பு ஒரு இடத்துக்குள் விட்டது, உள்ளே போய் நாற்காலியைப் பிடித்தவள் இன்றுவரை எழுந்திருக்கவில்லை. என்னைவிட எத்தனையோ மடங்கு ஓடியாடியவள் அக்கா, அவளுக்கோ எழுந்து போக வேறு இடம் இல்லை. ஒரே முகம் இரண்டு பேருக்கும். காசு இந்தப் பக்கம் விழுந்ததில் எனக்குக் கிடைத்தது என்ன என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிற உரிமை. அதை நான் வாழ்நாளில் ஒரு தடவைகூட எடுத்துப் பார்க்கவில்லை.

இருட்டுகிற நேரத்தில் ஃபோன் வந்தது. காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"நீ ஃபேக்டரிக்கு வந்தியா?"

"வந்தேன். முதலாளியம்மாகிட்ட ரெண்டு வார்த்தை..."

"அவங்களை விடு. தள்ளுவண்டி வச்சுக்கிட்டு ஒருத்தி வந்து உன்னை ஏதாவது கேட்டாளா?"

"கேட்டா. போடுன்னு சொன்னேன்."

"புதுப் பச்சைத் துணியை முதல் தடவை தனியாத்தான் போடணும். சாயம் விடும். ஆஸ்பத்திரி வார்டுப் போர்வை அத்தனையும் இளம்பச்சையா தொங்குதுடி."

"பாக்க நல்லா இருக்கா?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. அடக்கி முடித்ததும் என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திட்டினாள். அந்தப் பெண்ணின் வேலைக்கு ஆபத்து வருமா என்று பயந்துகொண்டே கேட்டேன். "அவ மேல என்ன தப்பு? சைரன் சொன்னா, செஞ்சா. நாளைக்கு லீவு போடு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

மறுநாள் காலையில் இளம்பச்சைப் போர்வை ஒன்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இருவரும் போனோம். ஆஸ்பத்திரியில் துணிமணி, சாமான்களுக்கு ஓர் அதிகாரி இருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக அக்காவும் அவரும் ஃபோனில் சண்டை போட்டிருக்கிறார்கள், நேரில் பார்த்தது கிடையாது; சைரன் என்கிற பெயர் மட்டும் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அக்கா போர்வையை மேசைமேல் விரித்தாள்.

"பச்சையும் வெள்ளையும் ஒண்ணாப் போயிடுச்சு சார். தப்பு என்னோடது. வெளுத்துக் குடுக்க ரெண்டு மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் எங்க செலவுல வேற போர்வை இன்னிக்கு மத்தியானமே வந்துடும்."

தப்பு என்னோடது என்று அவள் சொன்னபோது எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாயைத் திறக்கப் போனேன், முழங்கையால் இடித்தாள். அதிகாரி அவளையும் என்னையும் பார்த்தார். கண்ணாடியை இறக்கிவிட்டு மறுபடி பார்த்தார். "உங்கள்ல சைரன் யாரு?" என்றார்.

"நான்தான். இது என் தங்கச்சி, சும்மா வந்திருக்கா."

"தப்பு நடந்தா எனக்கு வழக்கமா மெயில்தான் வரும், தவிர்க்க முடியாத காரணங்களால்னு ஆரம்பிச்சு. துணியையே தூக்கிக்கிட்டு ஆள் வந்து நிக்கறது இதுதான் முதல் தடவை." போர்வையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "அடுத்த வருஷம் இங்கயே பின்னால சொந்தமா லாண்டரி வைக்கப் போறோம். நடத்த ஆள் தேடிக்கிட்டிருக்கேன். நீங்க வர்றீங்களா?"

அக்கா திகைத்துப்போனாள். "நான் காலேஜ் படிக்கலை சார்."

"நான் கேக்கலையே."

"சம்பளம் முழுசாக் குடுப்பீங்களா, முக்காலா?"

அவர் குழம்பிப்போனார். "முக்கால் சம்பளம்னு ஒண்ணு இருக்கா?"

நான் சிரித்துவிடாமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சிமென்ட் பெஞ்சு. அதில் போய் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. நான் போகமாட்டேன். அங்கதான் எனக்கு எல்லாரும் இருக்காங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆனா போகலாம்டி. எனக்கும் போக ஒரு இடம் இருக்கு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று மத்தியானமே போர்வைகளை அனுப்பிவிட்டு மாடியேறி முதலாளியம்மாவைப் பார்த்திருக்கிறாள். என்ன பேசினாள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். "மேடம், ஆஸ்பத்திரியில கூப்பிடறாங்க, முழுச் சம்பளம். எனக்கு இங்க இருக்கத்தான் பிடிச்சிருக்கு. என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்க." அவ்வளவுதான் பேசினாளாம். முதலாளியம்மா பேனாவை மூடித் திறந்து மூடிவிட்டு, முழுச் சம்பளத்தையே போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். கூடவே அக்கா, "அடுத்த வருஷத்துலேர்ந்து அவங்க துணி நமக்கு வராது, இப்பவே வேற ஆஸ்பத்திரியைப் பிடிக்கணும்" என்றும் சொல்லிவிட்டு வந்தாளாம். மேலாளர் வேலையை அங்கேயே ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேளுங்கள். நியாயம், உழைப்பு என்று நான் தொண்டை வறளப் பேசியபோது இம்மியும் நகராத அந்தக் கால் பங்கு, இவள் சொன்ன இரண்டு வரியில் வந்து விழுந்துவிட்டது. "அவ்வளவு நேரம் நான் பேசினேனே" என்று புலம்பினேன். "நீ பேசினதாலதான் வந்தது" என்றாள் அக்கா. "நீ போகலைன்னா பச்சை ஏறியிருக்காது. பச்சை ஏறலைன்னா நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேனா?" அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னபோது, "அப்போ படிப்பா, அனுபவமா, பச்சைச் சாயமா?" என்று கேட்டார். பாவம், இனி எங்களை எப்படி உட்கார வைத்து வழக்காடுவது என்று அவருக்குக் கவலை வந்துவிட்டது.

புதிய இடத்தில் அக்கா வாங்கிய முதல் மாதச் சம்பளத்தன்று, அலுவலகம் விட்டு நேராக அங்கே வரச் சொன்னாள். கண்ணாடிச் சுவர் வைத்த அறை. கீழே தளம் முழுவதும் தெரிகிறது. பச்சைத் துணிக்கென்று தனியாக ஓர் இயந்திரம் வைத்து, அதன் மேல் தடித்த எழுத்தில் 'இது மட்டும்' என்று எழுதி ஒட்டியிருந்தாள். சுழல்நாற்காலியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஃபோனை எடுத்து எதையோ தட்டினாள். என் பையிலிருந்த ஃபோன் சிணுங்கியது.

எடுத்துப் பார்த்தேன். வித்தியாசத்தில் பாதி வந்திருந்தது. இத்தனை வருஷத்தில் எந்த மாதமும் நான் அவளுக்குக் கொடுத்திராத பெரிய தொகை. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இதற்காகத்தான் சண்டைக்குப் போனேன், அதில் பாதி என்னுடையது என்று முதலாளியம்மாவிடம் மார்தட்டினேன். வந்து சேர்ந்ததும் தொட மனசில்லை. அவள் தனியாகச் சம்பாதித்தது, அவள் கால் கடுக்க நின்றது, அவள் தொண்டை. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள்.

"போதும்க்கா" என்றேன். "இதோட நிறுத்திக்கலாம். சின்ன வயசுல பேசினது. இனிமே அவங்கவங்க சம்பளம் அவங்கவங்களுக்கு."

நாற்காலி நின்றது. அவள் முகம் வாடிப்போனதைப் பார்த்தேன்.

"நீ எத்தனை வருஷம் குடுத்தே" என்றாள். "ஒவ்வொரு மாசமும் வேணாம்னு சொல்லணும்னு நினைப்பேன். நான் சம்பாதிக்காமலா இருக்கேன், எனக்கு எதுக்கு இவ காசுன்னு தோணும். உள்ளே வந்து அதைக் குடுக்கறப்போ உன் மூஞ்சியைப் பாப்பேன். அதோட சொல்ல வராது. அவ்வளவு சந்தோஷமா இருப்பே."

"அதுக்காகவா வாங்கிக்கிட்டே?"

"அதுக்காகத்தான். வேற எதுக்கு?" நாற்காலியை என் பக்கம் நகர்த்தினாள். "இப்போ என் மூஞ்சியைப் பாரு."

பார்த்தேன். தினமும் கண்ணாடியில் பார்க்கிற அதே முகம்தான். இவ்வளவு சந்தோஷமாக அதை நான் பார்த்தது கிடையாது. வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னேன்.